குங்குமம் வைத்த துப்பாக்கி

ஜெர்சி சிட்டியில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லோருமே எனக்கு அங்கிள், ஆன்ட்டிதான். கீழ்த்தளத்தில் தனியாகக் குடியிருந்த கறுப்பினப் பெரியவர் மட்டும் எங்கள் வீட்டில் ‘கீழ் வீட்டான்’. லூசியானாக்காரர், ரிட்டயரான பஸ் டிரைவர், பார்த்தால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் தெரியும். சந்தேகப்பட அப்பாவுக்கு அதுவே தாராளமாகப் போதும்.

அந்த நாட்களில் காரில் வரும் வெள்ளைக்காரப் பையன்கள் சிலர், பொட்டு வைத்த பெண்களைக் கண்டால் கத்துவார்கள், முட்டை எறிவார்கள். வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்த அம்மாவின் மேலும் ஒருநாள் விழுந்தது. அன்றிலிருந்து ரயிலிலேயே பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் இறங்குவாள். கீழ் வீட்டான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்ததும் அந்த வாரத்திலிருந்துதான். அம்மா மாடியேறி எங்கள் கதவு சாத்தியதும் நாற்காலியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

"டெய்லி நீ வர்ற டைமுக்கு கரெக்டா உக்காந்திருக்கான். நோட் பண்ணியா? அந்தப் பசங்களுக்கு இவன்தான் ஆள் காட்டறான்" என்று அப்பா மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்பாள் அம்மா.

எனக்கு எட்டு வயதில் வந்த ஆயுத பூஜை. அம்மா கத்தி, டிரில், கம்ப்யூட்டர், கார் என்று ஒன்று விடாமல் குங்குமம் வைத்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், பண்டிகை நாளில் கீழ் வீட்டுக்குக் கொடுக்காமல் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. "சுண்டலை வாசல்லயே குடுத்துட்டு ஓடி வந்துடணும்" என்று என்னை அனுப்பிவிட்டுப் படியில் காவல் நின்றாள். அந்த நேரம் பார்த்து இந்தியாவிலிருந்து போன் வந்து அவள் உள்ளே போனாள். நானும் உள்ளே போனேன், அவர் வீட்டுக்குள்.

கதவுக்குப் பின்னால் நீளமாக ஒரு பழைய துப்பாக்கி. சுவரில் ஒரு புகைப்படம்: சர்ச் வாசலில் நாற்காலி போட்டு, கோட் அணிந்த நான்கு கறுப்பினத்தவர், மடியில் துப்பாக்கிகள். ஓரத்தில் இருப்பது தான் என்றார். லூசியானாவில் அவர்கள் சர்ச்சைக் கொளுத்த வெள்ளைக்கார ஆட்கள் வருவார்களாம். போலீஸைக் கூப்பிட்டால் வராதாம். அதனால் தாங்களே முறை வைத்து உட்கார்ந்தார்களாம். என் கவனம் அதில் இல்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரு ஆயுதம் பொட்டில்லாமல் நிற்கிறதே! என் நெற்றிக் குங்குமத்தை வழித்து அதன் மரப்பிடியில் வைத்தேன். திகைத்துப் பார்த்தார்.

"டுடே வி தேங்க் அவர் டூல்ஸ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

மாடிக்கு வந்து துப்பாக்கி இருப்பதை மட்டும் சொன்னேன். படத்தைச் சொல்லவில்லை, அதில் என்ன சுவாரசியம்? அப்பா அப்போதே வீட்டு ஓனருக்குப் போன் செய்தார். ஓனர் ஒரு மாதத்தில் அவரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

அவர் வேனில் சாமான் ஏற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். துப்பாக்கியில் குங்குமம் அழியாமல் இருந்தது. வைத்தது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். காலி பண்ணிப் போகிறவர் மேல் பரிதாபம் கொஞ்சமும் இல்லை.

மறுவாரமே அம்மா புடவையெல்லாம் முட்டையோடு வந்து நின்றாள்.

"அவன்தான் போயிட்டானே, இப்ப யாருங்க ஆள் காட்டறா?"



வாசல் நாற்காலியில் இருந்த அந்தப் பெரியவரைத் தாண்டி அம்மா மாடியேறிய எல்லா மாலைகளிலும் அவர் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பியதில்லை. முகம் தெருவைப் பார்த்தே இருக்கும், அந்தப் படத்தில் இருந்த நால்வரையும் போல. அதை அப்பா நோட் பண்ணவில்லை. படத்தைப் பார்த்திருந்தும், நானும் பண்ணவில்லை.