என் தம்பியின் இணைச்சீர்

பாவாயி திருடி. என் இடுப்பில் இருக்க வேண்டிய பேழைமூடியைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் தம்பியின் மணவறையில் நின்றாள். ஊரே பார்த்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

சாணம் மெழுகிக் காயவைத்த புது முறத்தின் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருந்த எங்கள் களத்துமேடு கண்முன் வந்துவிடும். எனக்கு எட்டு வயது, தம்பி பொன்னுசாமிக்கு இரண்டு. கடலைக்கொடி ஆய்ந்து முடித்துப் பெரியவர்கள் கஞ்சிக்குப் போனபின் நாங்கள் பெண்பிள்ளைகள் கல்யாண விளையாட்டு விளையாடுவோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் அவனுடைய உடன்பிறந்தவளை அழைத்துவந்து நிறுத்தி, மூங்கிலில் பின்னிய பேழைமூடியை அவள் இடுப்பில் கொடுத்து, கூறைச்சேலையின் ஒரு நுனியை அவளிடமும் மறு நுனியை அவனிடமும் தருவார்கள். அதற்கு ‘இணைச்சீர்’ என்று பெயர். நாளைக்குப் பெண்டாட்டி வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் பாத்தியம் உண்டு என்று ஊரறியச் சொல்வது அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பெரியப்பன் மகளோ சித்தப்பன் மகளோ நிற்பாள்.

விளையாட்டில் பேழைமூடிக்குப் பதில் முறம். மாப்பிள்ளை எப்போதும் பொன்னுசாமி, ஏனென்றால் அவனை எங்கே நிறுத்தினாலும் நிற்பான். இணைச்சீர்க்காரி எப்போதும் நான். பாவாயி என் பெரியப்பன் மகள், என்னைவிட ஒரு வயது இளையவள், உடன்பிறந்தவன் இல்லாதவள். கடலைத்தோலை உரித்துக்கொண்டே என் இடுப்பிலிருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அக்கா, எனக்கு ஒருக்கா குடுங்கக்கா. ஒரே ஒருக்கா.”

“உனக்குத்தான் தம்பி இல்லியே. போய்ப் பொண்ணுக்குத் தோழியா நில்லு.”

கொடுக்கவில்லை. எதற்காகக் கொடுக்க வேண்டும்?

அந்த வருஷம்தான் முதல் உலகச் சண்டைக்கு ஆள் பிடிக்க நாமக்கல் சந்தைக்கு வந்தார்கள். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. ஏற்றமும் எருதும் சும்மா நின்றன. எங்கள் அப்பா பஸ்ராவுக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனார். காய்ச்சலில் செத்துப்போனார் என்று, கூடப் போன ஒருவன் வந்து சொன்னான். மலேயாவில் ரப்பர் தோட்டத்திலிருந்த என் மாமன் வந்து எங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். மூட்டை கட்டி வண்டி பூட்டிய பிறகு பெரியப்பன் வாசலை மறித்து நின்றார்.

“பொட்டப்புள்ளய நீ கூட்டிட்டுப் போ சாமி. ஆம்பளப்புள்ள இந்த ஊட்டுது. அவன உடமாட்டேன்.”

அம்மா மண்ணில் விழுந்து அழுதும் அவர் அசையவில்லை. வண்டி நகர்ந்தபோது பொன்னுசாமி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினான். பாவாயி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். புளியமரத்துத் திருப்பம் வருவதற்குள் அவன் அழுகை நின்றுபோனது. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. தம்பியைப் பிரிந்த துக்கத்தைவிட அவன் அவ்வளவு சீக்கிரம் அழுகையை நிறுத்தினானே என்பதுதான் என்னை அதிகம் அரித்தது.

மலேயாவில் என்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள், கல்யாணம் செய்துவைத்தார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். அம்மா சாகும்வரை சொன்னது ஒன்றுதான். “தம்பி கண்ணாலத்துக்கு நீ போய் நிக்கோணும். நீ நின்னாத்தான் நமக்கு அந்த ஊட்டுல ஒரு வாசப்படி.” அதற்காகவே கப்பலுக்கு என்று காசு சேர்த்தோம். அதற்குள் இரண்டாம் சண்டை வந்தது. ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். கப்பலும் இல்லை, தபாலும் இல்லை.

அந்தச் சண்டை முடிந்து, கப்பல் கிடைத்து, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் சேலம் வந்து சேர்ந்தபோது நான் போய் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாமக்கல் சாலையில் கரி போட்டு ஓட்டும் பஸ் புகை கக்கிக்கொண்டு போனது. எங்கள் கிணற்றில் ஏற்றம் இல்லை, எண்ணெய் இஞ்சின் தடதடத்தது. களத்துமேட்டில் ஓட்டு வீடு. உள்ளே பொன்னுசாமி, அவன் பெண்டாட்டி, ஒரு பையன்.

வாசலில் நின்று நான் யார் என்று சொன்னேன். கிழடு தட்டிப்போன பெரியப்பன் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார். “நீ செத்துப்போயிட்டீன்னு தலைமுழுகிட்டமே சாமி!”

கல்யாணம் சண்டைக்கு நடுவில் முடிந்துவிட்டது. நான் உயிரோடு இல்லை என்று அவர்களே முடிவு செய்து, பாவாயியை நிறுத்தியிருக்கிறார்கள். ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். இன்றைக்கும் மாதம் இருமுறை வருகிறாள். அடுக்களையில் உப்பு எங்கே, புளி எங்கே என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. தம்பி மகன் அவளை ‘அத்தை’ என்கிறான். என்னை, பினாங்குக் கப்பலில் வந்தவள் என்று, ‘பினாங்கத்தை’ என்கிறான். நான் ‘வீடு’ என்று சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். ‘ஊடு’ என்று சொல்லித்தான் நானும் வளர்ந்தேன் என்று அந்தப் பொடியனிடம் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் தம்பியின் இரண்டாவது குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். காதில் பேர் சொல்ல வேண்டியவள் அத்தை. தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து, “அத்தைக்காரிய வரச் சொல்லுங்க” என்றாள். நானும் எழுந்தேன், பாவாயியும் எழுந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “ரெண்டு காதுதான இருக்குது, ஆளுக்கொண்ணு சொல்லுங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுசாமி தொட்டில் கயிற்றைச் சரிசெய்யப் போனான்.

பாவாயி ஒதுங்கிக்கொண்டாள். “நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதானுங்க மூத்தவிங்க.”

சண்டை போட்டிருந்தால் பொறுத்திருப்பேன். பந்தியில் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவதைப் போலக் கொடுத்தாள். கொடுக்கிறவளிடம்தானே பொருள் இருக்கிறது! நான் குனிந்து பேர் சொன்னேன். என் குரலுக்குக் குழந்தை வீறிட்டது. எவ்வளவு ஆட்டியும் அடங்கவில்லை. பாவாயி வாங்கித் தோளில் போட்டாள். நின்றுவிட்டது. புளியமரத்துத் திருப்பத்தில் நின்றதே, அதே மாதிரி.

அன்றைக்கே கிணற்றடியில் பொன்னுசாமியைப் பிடித்துக் கேட்டேன், உன் உடன்பிறந்தவள் யார் என்று.

“ரெண்டு பேருமே அக்காதானுங்களே” என்றான்.

“ஒரு வயித்துல பொறந்தது நானா அவளா?”

“நீங்கதானுங்க. ஆனா வளத்துனது அவிங்கதானுங்களே.” சொல்லிவிட்டு இஞ்சினை முடுக்கினான். அந்தச் சத்தத்தில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

முறம் போய்விட்டது, களம் போய்விட்டது, ஏற்றம் போய்விட்டது. போகட்டும், அவற்றுக்காக நான் கடல் தாண்டி வரவில்லை. சண்டையை நானா கூப்பிட்டேன்? என்னை வண்டியில் ஏற்றியதும் ஒரு சண்டை, வரவிடாமல் தடுத்ததும் ஒரு சண்டை. இரண்டுக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள் என் இடத்தை எடுத்துக்கொண்டாள். என் தம்பியின் இரண்டு வயது முதல் முப்பது வயதுவரை முழுவதையும் அவள் பார்த்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது மீசை வைத்த ஓர் ஆள். இதை நினைக்கும்போது என் வயிறு எரிகிறது. எரியாது என்று சொல்ல நான் சாமியாரிணி இல்லை.

பொன்னுசாமி, நான் இதை எழுதி அச்சான இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும். உனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் புதுச்சத்திரத்துக் கடையில் எவனாவது படித்துச் சொல்லுவான். வருகிற மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடும்போது கோயில் வாசலில் எழுந்து நில். செத்துப்போனாள் என்று தலைமுழுகிய உன் அக்காள் உயிரோடு வந்திருக்கிறாளே, அவளுக்கு உன் வீட்டில் வாசற்படி உண்டா இல்லையா, சொல். ‘ரெண்டு பேரும்’ என்று மழுப்பாதே. இஞ்சினை நிறுத்திவிட்டு வா. நானும் நிற்பேன், பாவாயியும் நிற்கட்டும். இரண்டு பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்.