ஓட்டை தேஞ்சி கீது

அமுலு அக்கா இறந்த செய்தி எனக்கு, ஆள் தேவை என்கிற அறிவிப்பாகத்தான் வந்தது. எனக்கு அன்று வார விடுமுறை. ஒரகடம் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நம் கம்பெனி லைனின் வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் கேட்டிருந்தார்: "அமுலு ஸ்டேஷனுக்கு இன்னிக்கி ஓ.டி. பாக்க யார் வர்றீங்க?" யாரோ "அவங்க லீவா சார்?" என்று கேட்க, "எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்று பதில் வந்தது. மருந்துப் புட்டிக்கும் மனுஷிக்கும் ஒரே சொல். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர் "நான் வரேன் சார்" என்று எழுதியிருந்தார்.

நம்மில் பலருக்கு அவரை அவருடைய வண்டியை வைத்துத்தான் தெரியும். வல்லம் வடகாலிலிருந்து அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் புகையும் சத்தமுமாக வந்து இறங்குவார். கணவர் வேறொருத்தியுடன் போனபோது விட்டுச்சென்ற வண்டி. விற்கச் சொன்னவர்களிடம், "அந்தாளு வுட்டுட்டுப் போனதுல இது ஒண்ணுதான் உருப்படி. இதையும் துரத்தவா?" என்பார்.

கம்பெனி பார்க்கிங்கில் மஞ்சள் கோட்டுக்குள் சென்டர் ஸ்டாண்ட் போட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா வண்டியின் அடியில் ஸ்டாண்டைத் தாங்கும் இரும்புக் காதுகள் இரண்டிலும் துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. ஸ்டாண்ட் போட்டால் வண்டி தள்ளாடும். ஒருநாள் பக்கத்து ஸ்கூட்டரையும் சேர்த்துத் தள்ளியது. அதன்பின் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே, கண்டெய்னர் லாரிகள் முன்னும் பின்னும் நகர்கிற சாலையோரத்தில் அக்கா நிறுத்தினார். அங்கே இறங்கி நிற்கப் பயமாயிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு மெக்கானிக் வாஷர் போட்டு நட்டை இறுக்கிக் கொடுத்தார். வீடு போய்ச் சேருவதற்குள் பழையபடி ஆடியது. மறுநாள்தான் அக்கா அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டேன்: "ஓட்டை தேஞ்சி கீது. நட்டை முறுக்கினா இன்னாத்துக்கு ஆவும்?" பிறகு அதை எல்லாவற்றுக்கும் சொன்னார். கேண்டீன் சாம்பார் தண்ணீர் என்று புகார் செய்ததற்குப் புதுத் தட்டுகள் வந்தபோது சொன்னார். ஆளைக் குறைத்துவிட்டு, உற்சாகமாக வேலை செய்வது எப்படி என்று வகுப்பெடுத்தார்களே, அப்போது என் காதருகே சொன்னார்.

இரண்டாவது மெக்கானிக் துளைகளை வெல்டிங்கால் அடைத்து, இரண்டு காதுகளிலும் தனித்தனியாகத் துளை போட்டார். நேர்கோட்டில் அமையவில்லை. ஸ்டாண்டின் ஒரு கால் தரையிலும் மற்றது அந்தரத்திலும் நின்றன. "கொக்கு மாரி நிக்குது பாரு," என்று அக்கா சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரி லேத் கடைக்கு நானும் கூடப் போனேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைப் பழைய டயர்மேல் சாய்த்தார்கள். துளைகளைப் பெரிதாக்கி வட்டமாக்கி, இரண்டிலும் புஷ் என்கிற புது இரும்பு வளையங்களை இறக்கினார்கள்.

"ரெண்டு காதுலயும் ஒரே கம்பிய கோத்துட்டு வெல்டு பத்த வை ண்ணா. மறுபடி கொக்கு வேணாம்," என்றார் அக்கா.

"கம்பி கைலதான் கீது. நீ வாய மூடினு நில்லு," என்றார் லேத்காரர்.

ஆறியதும் கம்பியை உருவி ஸ்டாண்டை மாட்டினார்கள். அக்கா வண்டியை ஏற்றி நிறுத்தி, சீட்டைப் பிடித்து ஆட்டினார். என்னையும் ஆட்டச் சொன்னார். அசையவில்லை.

ஒரு வாரம் அது மஞ்சள் கோட்டுக்குள் நின்றது. பிறகு, ஒப்பந்த ஊழியர்கள் வண்டியை வெளியே நிறுத்த வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாமெல்லாம் சேர்வதற்கு முன்பிருந்தே அக்கா ஒப்பந்த ஊழியர்தான். "சார், ஸ்டாண்ட ரெடி பண்ட்டேன் சார்," என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றார். "ஸ்டாண்ட் இல்லம்மா பிரச்சினை. உன் ஐடி கார்டு கலர்."

மறுபடியும் அதே சாலையோரம். நான் துணி துவைத்துக்கொண்டிருந்த அந்த நாள், காலை ஷிப்டுக்கு வந்தவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். லாரி ரிவர்ஸ் எடுத்தது. மாலையில் நான் போனபோது வண்டி மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தது. புஷ் நன்றாகத்தான் பிடித்திருந்தது.

கேட்டுக்கு வெளியே நடந்தது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மௌன அஞ்சலி செலுத்தினோம், நமது தேநீர் இடைவேளையில். மறுவாரம் எல்லோரையும் நிற்கவைத்து ஒளிரும் பட்டை வைத்த சட்டை கொடுத்தார்கள். சேஃப்டி அதிகாரி, வண்டியை நிறுத்தும்போது பின்னால் பாருங்கள் என்றார்; கேள்வி இருக்கிறதா என்றார்.

நான் கூட்டத்தில் வாய் திறப்பவள் அல்ல. "ஓட்டை தேஞ்சி கீது சார்," என்றேன்.

"என்னம்மா?"

என் தென்காசிப் பேச்சில் அல்ல, அக்காவின் பேச்சிலேயே முழுதாகச் சொன்னேன்: "ஓட்டை தேஞ்சி கீது. நட்டை முறுக்கினா இன்னாத்துக்கு ஆவும்?" பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வாக்கியத்தை மட்டும்தான். அதில் ஆறுதல் எதுவும் கிடையாது. அதனால்தான் வைத்திருக்கிறேன்.