அத்தை வீட்டை அளந்த நாள்

எனக்குப் பொறுமை கிடையாது. ஓரிடத்தில் கால் தரிக்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, முக்காலியில் நிற்கும் ஓர் இயந்திரம் ஆற அமரச் சுற்றி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் வேலை. கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகம். பழைய கட்டடங்களை லேசர் ஸ்கேனரால் அளந்து, அப்படியே கணினிக்குள் முப்பரிமாணத்தில் எழுப்பி வைப்போம்.

அந்த முறை வந்தது வலியசாலை அக்ரஹாரத் தெரு. அப்பாவின் அக்கா, என் அத்தை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடியிருக்கும் தெரு. அதனால்தான் என்னை அனுப்பினார்கள். வேறு யார் போனாலும் கதவு திறக்காது என்று மேலதிகாரிக்குத் தெரியும்.

காலையிலேயே அத்தை வீட்டிலும் அக்கம்பக்க வீடுகளிலும் சுவர், நிலையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்களை ஒட்டினேன். ஓர் அறையின் அளவை அடுத்த அறையோடு பொருத்த அவை வேண்டும். பூ வாங்க நின்ற மாமா ஒருவர் வாசல் தாளைப் பூக்காரியின் கியூஆர் கோடு என்று நினைத்து, அதற்கு நேராகப் போனைப் பிடித்து, காசு போகவில்லையே என்று முழித்தார். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒரு தாள்கூட இல்லை. சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தே விட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்போடு அத்தை வீட்டுக்குள் நுழையப் பார்த்தேன்.

“ஆர் பிச்சு எறிஞ்சா?”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான்” என்றாள் அத்தை, கொஞ்சமும் அசராமல். “கல்லு நட்டு, சுவத்துல அடையாளம் போட்டுட்டுப் போனா பின்னே என்ன வரும்னு இந்த ஊர்ல ஆருக்குத் தெரியாது? ரோட்டைப் பெரிசாக்கப் போறாளாமே. உன்னை விட்டு அடையாளம் போடறாளாக்கும்.”

“ஐயோ அத்தை, இது அதில்லே. வீட்டைப் பத்திரமா கம்ப்யூட்டர்ல வச்சுக்கறதுக்கு.”

“இத்தனை நாள் இல்லாத அக்கறை இப்போ எதுக்கு?”

அந்தக் கேள்வி உறுத்தியது. வெளியே வந்து மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். சாலைக்கு அனுமதி வேண்டுமென்றால், இடிப்பதற்குமுன் தெருவை முழுதாக ஆவணப்படுத்த வேண்டும். அந்த நிபந்தனைக்காகத்தான் நம் வேலை. இதுகூடவா தெரியாது என்பது போலிருந்தது அவர் குரல்.

தெருக்கோடிவரை நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். நான் மாட்டேன் என்றால் வேறொருவர் வந்து அளப்பார். யாரும் அளக்காமலே இடித்துவிட்டாலோ, இந்தத் தூண்களும் ஓட்டுச் சரிவும் எங்கேயுமே இருக்காது. அளந்து கொடுத்தால், இருக்கும் ஒரே தடையை என் கையாலேயே நீக்கிக் கொடுக்கிறேன். எப்படிப் புரட்டினாலும் படித்த படிப்பின்மேலேயே வெறுப்பு வந்தது.

உள்ளே போய் அத்தையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“இடிச்சாச்சுன்னா, உன் கம்ப்யூட்டர்ல இது இருக்குமோ?”

“இருக்கும்.”

“அப்போ எடு.”

பின்கட்டுக்குப் போய் அடுத்த வீட்டு மாமியிடம் சுவருக்கு மேலாக ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். நான் தாள்களை மறுபடி ஒட்டி, முக்காலியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன்.

“அத்தை, கொஞ்சம் வெளியே நில்லுங்கோ. ஆள் இருந்தா மறைக்கும். வீடு மட்டும் போதும்.”

அவள் நகரவில்லை. நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். தலையைக் கோதி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“காலி வீடுன்னு நினைச்சுண்டுதானே இடிக்கறா? ஆள் இருந்த வீடுன்னு தெரியட்டும், கேட்டியா. அசையாம இருக்கேன். நீ எடு.”

பொத்தானை அழுத்திவிட்டு ரேழிக்கு ஒதுங்கினேன். இயந்திரம் சுற்றியது. பள்ளிக்கூடப் போட்டோவுக்கு உட்கார்ந்தவள் போல, கண்ணைக்கூட இமைக்காமல் இருக்க அவள் பாடுபட்டாள். அவளுக்குப் பின்னாலிருக்கும் சுவர் பதிவாகாது. ஆளை நீக்கிவிட்டு மறுபடி எடு என்று மேலதிகாரி சொல்வார். சொல்லட்டும்.

முடிந்ததும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே மாமா, மாமி, மகன், மருமகள், மடியில் குழந்தை, எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.