டிப்பருக்கு அடித்த ஓரடிப் பலகை

நவம்பர் 14, காலை 7.40. இரவெல்லாம் பெய்த மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது.

எனக்கு வயது 71. திண்டிவனத்தில் ஒரு பொக்லைன், ஒரு டிப்பர் வைத்து மண் வேலை எடுத்துச் செய்கிறேன். அன்று கிளியனூர் அருகே மீன்குட்டை வெட்டி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு மனையில் மண்ணைக் கொட்ட வேண்டும். இருபது நடையைப் பதினைந்தாக்கலாம் என்று கணக்கிட்டு, டிப்பரின் பக்கங்களில் ஓரடி உயரத்துக்குப் பலகை அடித்திருந்தேன்.

“ஈரக் களிமண்ணுங்க. பாடியத் தூக்குனா ஒட்டிக்கினு எறங்காதுங்க,” என்றார் டிரைவர் ஏழுமலை.

“இத்தனை வருஷம் ஓட்டிட்டு இதுக்கா பயப்படறே?” என்றேன்.

நான்காவது நடையில், மனையில் நான் பார்த்து நிற்க, பாடியைத் தூக்கியதும் பின்பாதி மண் சரிந்தது. முன்பாதி, தூக்கிய பாடியின் உச்சியிலேயே ஒட்டி நின்றது. அந்தப் பாரத்தில் இடப்பக்கச் சக்கரங்கள் புதுமண்ணில் புதைய, வண்டி சாய்ந்து படுத்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. எனக்குள் எண்ணத்தான் முடிந்தது. முப்பத்தெட்டு எண்ணியபோது, வானத்தைப் பார்த்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஏழுமலை வெளியே வந்தார். உதட்டில் ரத்தம்.

“நடையை எண்ணிக்கினே இருந்தீங்களே, இப்ப என் பல்லை எண்ணுங்க, எல்லாம் இருக்குதான்னு.”

எண்ணினேன். எல்லாம் இருந்தன. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் உதட்டுக்கு மூன்று தையல் போட்டார்கள்.

பலகைகளைக் கழற்றிவிட்டேன். ஈரமண் என்றால் இப்போது பாடியில் முதலில் மணல் தூவி, பாதி லோடுதான் ஏற்றுகிறோம். இறுகிய தரையில் நிறுத்தித்தான் தூக்குகிறோம். தரை சரியா என்று சொல்வது ஏழுமலை. நான் குறுக்கே பேசுவதில்லை.

ஐந்து நடை டீசலில் நான் மிச்சம்பிடிக்க நினைத்தது எழுநூறு ரூபாய். கிரேன், பாடி வேலை, ஏழுமலை ஓய்வில் இருந்த எட்டு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்து ஆனது 86,450 ரூபாய்.