மண்ணை நிறுத்திய அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. தங்கை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீட்டில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா சீக்கிரம் தவறிவிட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு சுரங்க ஷாஃப்டில் இறங்கினார். எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் தான் கல்யாணம் செய்துகொண்டார். அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

சுரங்கத்தை மூடியபின் கூட வேலை செய்தவர்கள் ரயில் ஏறி பெங்களூருக்குப் போனார்கள். அண்ணன் பூதிகோட்டைப் பக்கம் சரிவான செம்மண் கொல்லை ஒன்று வாங்கினார். கிணறு கிடையாது. மழை வந்தால்தான் வெள்ளாமை. தாத்தா காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஏர் பிடித்ததில்லை.

முதல் வருடம் அண்ணன் செய்த தப்பை எந்த விவசாயியும் செய்திருக்க மாட்டார். சுரங்கத்தில் கீழ் லெவலில் தண்ணீர் சேர்ந்தால் உயிர் போய்விடும். அதை வெளியே தள்ளுவதுதான் அங்கே முதல் வேலை. அந்தப் பழக்கத்தில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக நூல் பிடித்து மூன்று கால்வாய் வெட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே மழை. ராகி விதையும் மேல்மண்ணும் கால்வாயோடு போய்விட்டன. அடியில் சரளை தெரிந்தது.

கீழ்க் கொல்லைக்காரர் நாராயணப்பா மேலே ஏறி வந்தார். “இன்னா கோல்ட் ஃபீல்டுகாரரே, உங்க மண்ணு என் கொல்லையில வந்து குந்தினு இருக்குது. எடுத்துனு போறீங்களா?” என்றார்.

வீட்டில் அண்ணி பேசினார்கள். “இன்னொரு மழைக்கும் மண்ணு போச்சின்னா கொல்லைய வித்துடுங்க. நான் விதை எடுத்துத் தர மாட்டேன்.” அண்ணன் சரி என்றார். சரி என்று சொன்னால் மாற மாட்டார். எனக்கு அதுதான் பயம்.

அடுத்த தூறலில் குடை பிடித்து நின்று, தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். “தண்ணிய வெரட்டியே பழகிட்டேன். இனிமே குந்த வைக்கணும்” என்று என்னிடம் சொன்னார்.

கால்வாய்களை மூடினார். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப்பை இரவல் வாங்கினார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக நின்ற இடத்தில் முளை அடித்தோம். சரிவுக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து போனது கோடு. குடித்துவிட்டு வரப்பு போடுகிறார் என்று வழியில் போனவர்கள் சிரித்தார்கள். அண்ணன் குடிக்காதவர்.

கோட்டின் மேல் வரப்பு போட்டு, சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கினார். சுரங்கத்தில் கூரை விழாமல் கல் அடுக்கிய கை. அந்தக் கைக்குக் கல் சொன்னபடி கேட்டது. வரப்புக்கு மேல்பக்கம் ஆழமில்லாத பள்ளம். வரப்பின் மேல் புல். மிஞ்சின தண்ணீர் போக ஓரத்தில் கல் பாவின வழி. உழவும் குறுக்கேதான். ராகி அறுத்த தாளைக் கொளுத்தாமல் நிலத்திலேயே விட வேண்டும் என்றும் முடிவு செய்தார். கல் எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சுமந்தது.

பெரிய மழை ஒரு மதியம் வந்தது. மூன்று பேரும் கொல்லையில் நனைந்துகொண்டே நின்றோம். வரப்புக்கு வரப்பு தண்ணீர் நின்று, மெல்ல இறங்கியது. கல் வழியில் கொஞ்சம்தான் வெளியே போனது. அண்ணி அதில் கையை விட்டுப் பார்த்தார்கள். மண் கலக்காத தண்ணீருக்குள் உள்ளங்கை ரேகை தெரிந்தது. “விதை எவ்ளோ எடுக்கணும்?” என்று கேட்டார்கள்.

அதன்பின் மழை குறைந்த வருடத்திலும் எங்கள் ராகி மற்றவர்களுடையதைவிட நாலு நாள் தாமதமாகத்தான் வாடும். அதற்குள் ஒரு தூறல் வந்துவிடும். நாராயணப்பாவே பிறகு தன் கொல்லைக்கும் ட்யூப் பிடிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார். அண்ணனே போய் மறுமுனையைப் பிடித்தார்.

கடைசி இரண்டு வருடம் மூச்சு வாங்கியது. நடக்க முடியாதபோதும் ஆட்டோவில் போய் மேல் வரப்பைப் பார்த்துவிட்டு வருவார். வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை.

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன லைன் பிள்ளைகளுக்கும், அடக்கத்தன்று வேலைக்குப் போகாமல் பெங்களூரிலிருந்து வந்த அண்ணனின் பழைய ஷிஃப்ட் ஆட்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நாராயணப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் குழியில் மண் போட்ட பிறகு அவர் துண்டை அவிழ்த்தார். அதில் செம்மண் இருந்தது.

“இது உன் கொல்லை மண்ணுப்பா. அன்னைக்கு என்கிட்ட வந்தது. நீ எடுத்துனு போகவேயில்ல” என்று சொல்லிப் போட்டார்.

அண்ணி இந்த வருடமும் ராகி விதைத்திருக்கிறார்கள்.