கொல்லிமலையில் எல்லை குறிக்கிற மெசின்

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மாமா வீட்டில்தான் இருக்கிறோம். நான் எழுதினேன் என்று தெரிந்தால் எனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, எங்களுக்கு வீடும் கிடையாது. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். கொல்லிமலைக்குப் போக இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

நேற்று சனிக்கிழமை மாமா என்னை மலைக்கு அழைத்துப்போனார். அங்கே ஆலத்தூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்) பெயிண்ட்பால் மைதானம் திறக்கப்போகிறார். சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிற இடம். அதற்கான துப்பாக்கி, பம்ப் மார்க்கர், அடுத்த மாதம்தான் விற்பனைக்கு வருகிறது. மாதிரிக்கு ஒன்று முன்னாலேயே வந்துவிட்டது. அதன் இங்கிலீஷ் விவரங்களைப் படித்துச் சொல்லத்தான் நான்.

சேந்தமங்கலத்தில் காலை ஆறரை மணி பஸ். செம்மேட்டுக்கு இரண்டரை மணி நேரம், எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருபவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். எனக்குப் பாதி மலையிலேயே வந்துவிட்டது. டிரைவர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்துக்க கண்ணு" என்றார். அன்று ஒருவர் என்னிடம் அன்பாகப் பேசியது அது ஒன்றுதான்.

மைதானத்துக்கு எதை வாங்குவது என்று மாமா கேட்கக் கேட்கப் படித்தேன். குழல் குட்டையா, நீளமா. பத்துக் குண்டு மட்டும் பிடிக்கிற குழாயா, மேலே மாட்டுகிற பெரிய டப்பாவா. சின்ன கேஸ் குப்பியா, சிலிண்டரா. எதை வாங்கினாலும் ஒவ்வொரு குண்டுக்கும் முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ள வேண்டும். மாமா எல்லாவற்றிலும் பெரியதையே சொன்னார். முகக்கவசம் மட்டும் தனி விலை என்றதும் கூலிங் கிளாஸ் போதும் என்றுவிட்டார்.

"மேல போய் துப்பாக்கின்னு வாயத் தொறந்துராத. போலீஸ் வந்துரும். மார்க்கர்னு சொல்லு."

நிலம் சின்னண்ணன் என்பவருடையது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே மரவள்ளி. நிலத்தை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லி அவர் பல வருடமாக ஆபீசுக்கு அலைகிறாராம். மார்க்கர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லை குறிக்கற மெசினுங்களா?"

சர்வேக்காரர்கள் பாறையில் சிவப்புப் பெயிண்ட் வைப்பதைப் பார்த்தவர், வேறு என்ன நினைப்பார்? மாமா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, எல்லை குறிக்கத்தான்" என்றார்.

ஒரு மரத்தில் சுட்டுக் காட்டினார். பட்டையில் சிவப்பு வழிந்தது. சின்னண்ணனின் மனைவி, அந்தப் பலாமரம் வரைக்கும் எங்களுடையதுதான், அதையும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினார். சின்னண்ணனோ மரத்துக்கு மரம் ஓடி, கையை வைத்து, "இங்கீங்க, இங்கீங்க" என்று காட்டினார். மாமா சிரித்துக்கொண்டே இழுத்து இழுத்துச் சுட்டார். ஒரு குண்டு சின்னண்ணன் தோளில் வெடித்தது. காதுக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லை. வலியில் குனிந்தவர் நிமிர்ந்து சொன்னார்:

"நானும் உங்க எல்லைக்குள்ள வந்துட்டனாட்ட இருக்குதுங்க."

மாமா அவர் தோளைத் தட்டினார். திங்கட்கிழமை சேந்தமங்கலம் வந்து கையெழுத்துப் போட்டால் எல்லா எல்லையும் குறித்துவிடலாம் என்றார். அவர் கையெழுத்துப் போடப்போவது நிலத்தையே மாமாவுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிற பத்திரத்தில். அவருக்குப் படிக்கத் தெரியாது. திரும்பும்போது ஒரு பை மிளகு கொடுத்தனுப்பினார்கள். இன்று மதியம் எங்கள் ரசத்தில் அதுதான்.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டுதான் இருக்கிறது. முகக்கவசம் தராத எந்த மைதானத்திலும் விளையாடாதீர்கள். இன்னொன்று, திங்கட்கிழமை விடிவதற்குள் யாராவது மேலே போனால், ஆலத்தூர் நாட்டில் மரமெல்லாம் சிவப்புப் புள்ளி இருக்கும் காட்டைத் தேடுங்கள். சின்னண்ணனிடம் அது அளக்கிற மெசின் இல்லை, துப்பாக்கி என்று சொல்லுங்கள். எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், பஸ்ஸில் வாந்தி எடுத்த

கதவைத் தட்டுகிறார். மாமா