பெட்டிக்குள் போட்ட குளம்புச் சீவல்

ஒரு பிடி குளம்புச் சீவலை இரும்புப் பெட்டிக்குள் போட்டு, வத்தல்மலை மேலிருந்த ஓர் எருதின் காலை நொண்டியாக்கிவிட்டேன் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, இரண்டு வேளை சோறும் இறங்கவில்லை.

உலகச் சண்டை நடந்த காலம். நல்ல எஃகு வருவது நின்றுபோயிருந்தது. தர்மபுரியில் நான் வேலை பார்த்த பட்டறையில் பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைத்தான் அரிவாளாக அடித்தோம். அது மெத்து இரும்பு. கொஞ்சம் அறுத்தாலே மழுங்கிவிடும். அதனால் அரிவாளைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் கரித்தூளை நிரப்புவோம். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர் செதுக்கிப் போடும் குளம்புச் சீவலையும் வறுத்துப் பொடித்துச் சேர்ப்போம். மண் பூசி மூடி உலையில் வேகவைத்து, செக்கச்செவேலென்று எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் மேற்புறம் மட்டும் எஃகாகக் கெட்டிப்படும். உள்ளே அதே மெத்துதான். என்னைப் போல.

மலை விவசாயி ஒருவர் தலையில் புளி மூட்டையோடு, சாமை அறுக்க அரிவாள் கேட்டு வந்தார்.

"மேஸ்திரி, இதுல குளம்பு கிளம்பு சேத்துராதீங்க. மொதக் கதிரு சாமிக்கு அறுக்கறதுங்க."

"சேப்பனாங்க? வெறுங் கரியும் ஆவாரந் தழையுந்தான்" என்றேன்.

கரியும் தழையும் மட்டும் என்றால் பெட்டி நெடுநேரம் வேக வேண்டும். சீவல் சேர்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அன்றைக்கென்று பார்த்து டூரிங் டாக்கீஸில் படம் மாற்றியிருந்தார்கள். கை தானாகச் சீவல் டப்பாவுக்குப் போனது. கையின் மேல் பழி போடுவது என் பழக்கம்.

மறுநாள் அவர் அரிவாளை வாங்கிப் போனார். அடுத்த சந்தைக்கு வந்த மலைக்காரர் ஒருவர் சொன்னார்: "அவரு எருது குளம்பு புண்ணாயி எந்திரிக்க மாட்டேங்குதுங்க. அது போச்சுன்னா அவருக்கு உழவே இல்ல."

சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டேன். பட்டறைக்காரரான பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"குளம்பு போட்ட அருவா மாட்ட நொண்டியாக்கும்னா, நல்லம்பள்ளி வரைக்கும் ஒரு மாடு நடக்காதுப்பா" என்றார் பாய்.

"அதெல்லாம் சாமி அருவா இல்லீங்களே, பாய்!"

"அப்ப போயி அவருகிட்டயே சொல்லு. உலைப் பக்கம் நின்னு அழுவாத, நெருப்பு அணைஞ்சிரும்."

நிஜமாகவே கரியும் தழையும் மட்டும் வைத்து, பகல் முழுக்கப் பெட்டியை வேகவிட்டு, புது அரிவாள் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு மலையேறினேன். அடிவாரத்தில், 'நான்தான் போட்டேன்' என்று ஒத்திகை பார்த்தேன். பாதி மலையில் அது 'தவறி விழுந்துவிட்டது' ஆயிற்று. உச்சியை எட்டும்போது, சீவல் காற்றில் பறந்து வந்து தானே பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் எருதின் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எருது என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், காற்றுக் கதை மறந்துபோய் உள்ளதை உளறிவிட்டேன்.

"எந்த மாட்டுக் குளம்புன்னு கேட்டு வந்தியா? இதுக்குப் பொருந்துதான்னு மாட்டிப் பாக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. கூரையில் செருகியிருந்த, நான் முதலில் செய்துகொடுத்த அரிவாளை உருவி என் முன் வைத்தார். "சாமிக்குன்னு சொன்னனே, மேஸ்திரி."

புது அரிவாளை நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

கூழ் கொண்டுவந்த அவர் மனைவிதான் சொன்னார்: "மாட்டுக்கு எதுக்குங்க நீங்க அழுவறீங்க? இவரு அருவா கேட்டு வந்தன்னைக்கே அது நொண்டுச்சு. பொதி ஏத்த முடியாமதான் புளி மூட்டையத் தலையில சொமந்து வந்தாரு. நீங்க பாக்கலியா?"

பார்த்திருந்தேன். இறக்கி வைக்கக் கைகூடக் கொடுத்திருந்தேன்.

வந்திருந்தது கோமாரி நோய். பக்கத்துக் கொட்டாய்க்காரர் சந்தையில் வாங்கி ஓட்டிவந்த காளையிடமிருந்து தொற்றியது. நான் சீவல் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்த எருது நொண்டிக்கொண்டிருந்தது.